வடிகட்டாத தண்ணீர், வாக்கில்லாத மக்கள்: ஹாம்பர்க் 1892

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரத்திலிருந்து பக்கத்து ஊரான அல்டோனாவுக்கு நடந்து போனவருக்கு ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கும் இடம் தெரிந்திருக்காது. ஒரே தெருதான் இரண்டுக்கும் எல்லை. வீடுகளும் மனிதர்களும் ஒரே மாதிரி. ஒரே துறைமுகத்தில் கூலி வேலை. அந்த மாத இறுதியில் ஹாம்பர்க் பக்கத்து வீடுகளிலிருந்து காலரா நோயாளிகளை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். எதிர்வரிசையில் நோய் அநேகமாக இல்லை. ஷுல்டர்பிளாட் என்ற எல்லைத் தெருவில் ஹாம்பர்க்குக்கு உரிய குடியிருப்பு ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. குழாய் இணைப்பில் இருந்த வசதியின் பொருட்டு அதற்கு மட்டும் அல்டோனாவிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இதைக் கணக்கெடுத்து உலகுக்குச் சொன்னவர் கிருமியியல் ஆய்வாளர் ராபர்ட் கோக். ஹாம்பர்க் எல்ப ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. அல்டோனாவும் அதே ஆற்றைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, கீழ்ப்போக்கில் எடுத்த தண்ணீர். ஆனால் 1859 முதல் அதை மணலில் வடிகட்டி அனுப்பி வந்தது. மாசு அதிகம் இருந்த நீரைக் குடித்த ஊர் தப்பியது. அந்தக் கோடையில் ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்று, 8,600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒன்றரை லட்சம் பேரை நெருங்கிய அல்டோனாவில் இறந்தவர்கள் சுமார் 300 பேர். அவர்களிலும் பலர் ஹாம்பர்க்கில் வேலைக்குப் போய் நோயை வாங்கி வந்தவர்கள்.

மணல் வடிகட்டி 1892 இல் புதுமையல்ல. லண்டனில் செல்சி தண்ணீர்க் கம்பெனிக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் அதைக் கட்டியது 1829 இல். ஐரோப்பாவின் செல்வம் மிக்க துறைமுகங்களில் ஒன்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் ஆற்று நீரை அப்படியே குடித்தது? 19ஆம் நூற்றாண்டு நகராட்சிகளின் வரலாற்றை எழுதியவர்கள் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இதுதான். அறிவு போதவில்லை என்பார்கள் சிலர். தவறான மருத்துவக் கொள்கை மேல் பழி போடுவார்கள் சிலர். வாக்குரிமையையும் வரியையும் காட்டுவோர் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் என் கணிப்பில் முதலில் புரட்ட வேண்டியது நகரசபையின் வரவுசெலவுக் குறிப்பைத்தான்.

ஹாம்பர்க் பின்தங்கிய ஊர் அல்ல. 1842 மே மாதம் நகரின் மையத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தீ தின்றது. சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். வெந்து தணிந்த நிலத்தில் புது நகரம் எழுப்ப வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அமர்த்தப்பட்டார். அவர் அமைத்த பாதாளச் சாக்கடை ஐரோப்பியப் பெருநிலத்துக்கே முன்மாதிரியாயிற்று. 1848 இல் ரோதன்பர்க்ஸோர்ட் என்ற இடத்தில் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. பல ஐரோப்பிய நகரங்கள் கிணற்றையும் தண்ணீர்க்காரரையும் நம்பியிருந்த காலத்தில் ஹாம்பர்க்கில் வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. நகரத்தார் பெருமைப்பட்டதில் தப்பில்லை.

பிறகு வந்த சங்கடமும் இந்தப் பெருமைக்குள்ளேயே இருந்தது. ஒரே இடத்தில் எடுத்து ஊர் முழுக்க அனுப்பும் குழாய், நீரில் கலந்த எதையும் ஊர் முழுக்கச் சேர்க்கும். குழாயைத் திறந்தால் விலாங்கு மீன் வருகிறது என்று நகரத்தார் கேலி பேசினார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த கார்ல் கிரேப்பலின் 1880களில் குழாய்களுக்குள் வாழ்ந்த உயிரினங்களை வகை பிரித்து ஓர் ஆய்வே வெளியிட்டார். குடிதண்ணீர்க் குழாய்க்கு விலங்கியல் ஆய்வு எழுத நேர்ந்த ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நகரம் அதைப் படித்தது, சிரித்தது, குடித்தது.

நகரை ஆண்டவர்கள் யார் என்று பார்த்தால் இந்தச் சிரிப்பு விளங்கும். ஹாம்பர்க்குக்கு மன்னர் இல்லை. ஜெர்மன் பேரரசுக்குள் அது ஒரு சுயாட்சிக் குடியரசு. மேலே 18 பேர் கொண்ட செனட். உறுப்பினர் பதவி ஆயுளுக்கும். பெரும்பாலோர் வணிகரும் வழக்கறிஞரும். கீழே புர்கர்ஷாஃப்ட் என்ற மக்களவை. அதன் 160 இடங்களில் 80 பொதுத் தேர்தலில் நிரப்பப்பட்டன. 40 இடங்களை நிலமும் வீடும் உடையவர்கள் தங்களுக்குள் தேர்ந்தார்கள். மீதி 40 இடங்கள் நீதிபதிகள், கௌரவப் பதவியாளர்கள் போன்ற பிரமுகர்களுக்கு. அந்தப் பொதுத் தேர்தலிலும் எல்லாருக்கும் வாக்கில்லை. கட்டணம் செலுத்தி நகரக் குடியுரிமை பெற்ற ஆண்கள் மட்டுமே வாக்காளர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேரரசின் நாடாளுமன்றத் தேர்தலிலோ எல்லா ஆண்களுக்கும் வாக்கு உண்டு. 1890 இல் ஹாம்பர்க்கின் மூன்று நாடாளுமன்ற இடங்களையும் சமூக ஜனநாயகக் கட்சி பிடித்தது. அதே கட்சிக்கு ஊரின் சாக்கடையையும் குழாயையும் பற்றி முடிவெடுக்கும் அவையில் ஓர் இடம்கூட இல்லை.

இப்படி அமைந்த அவைக்கு முன்னால்தான் வடிகட்டித் திட்டம் வந்தது. பேச்சு 1870களில் தொடங்கியது. செலவு யார் தலையில் விழுவது, வீடுதோறும் தண்ணீர் அளவுமானி வைப்பதா, எந்த வகை வடிகட்டி என்று ஒன்று மாற்றி ஒன்று எழுந்தது. அளவுமானி வந்தால் கட்டணம் வீட்டுக்காரருக்கு. வரி உயர்ந்தாலும் சுமை வீட்டுக்காரருக்கு. அவையில் கால் பங்கு வீட்டுக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பொது இடங்களிலும் அவர்கள் நிறையவே இருந்தார்கள். துறைமுகத்தை ஆழப்படுத்தவும், கிடங்குகள் எழுப்பவும், புது நகரமன்றம் கட்டவும் இதே ஆண்டுகளில் பெரும்பணம் ஒதுக்கப்பட்டதை ஒப்பிட்டால், கஜானா காலி என்ற வாதம் நிற்காது. கடைசியில் 1890 இல் ஒப்புதல் கிடைத்து வேலை தொடங்கியது. வடிகட்டி பாதி கட்டி முடிந்த நிலையில் காலரா வந்து சேர்ந்தது.

வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் இந்த ஊரின் மரணத்தைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். வணிகர் ஆட்சியின் தாராளவாதமே இந்தச் சாவுக்குக் காரணம் என்பது அவருடைய வாதம். அரசு குறைவாகத் தலையிட வேண்டும், வணிகம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்ற நம்பிக்கை அது. இதற்கு இசைவாக மருத்துவக் கொள்கையும் ஒன்று இருந்தது. மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டும் போதாது, நிலத்தடி நீரும் மண்ணும் உகந்ததாக இருந்தால்தான் நோய் பரவும் என்றார். அப்படியென்றால் கப்பலை நிறுத்தி வைப்பதும் தண்ணீரை வடிகட்டுவதும் வீண். ஹாம்பர்க் மருத்துவத் துறையின் தலைமை இந்தக் கொள்கையைப் பற்றிக்கொண்டது. தொற்றை மறுக்கும் கொள்கையும் வணிகச் சுதந்திரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்று எர்வின் ஆக்கர்க்நெக்ட் 1948 இலேயே எழுதினார். அரசியல் நம்பிக்கையைவிட, நோய் எந்தத் திசையிலிருந்து வரும் என்ற நிலவியல்தான் ஒவ்வொரு நாட்டின் கொள்கையையும் தீர்மானித்தது என்று பீட்டர் பால்ட்வின் பின்னாளில் மறுத்தார். இரண்டையும் படித்தவர்களுக்குப் பால்ட்வின் நாடுகளைப் பற்றிச் சொல்வது பொருந்தும்; ஹாம்பர்க்குக்கு ஆக்கர்க்நெக்டே நெருக்கம் என்று தோன்றும்.

பெட்டன்கோஃபரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகவும் முடியாது. அவருடைய மியூனிக் அவர் பேச்சைக் கேட்டுச் சாக்கடை அமைத்தது. 1883 இல் மங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஊற்று நீரைக் கொண்டுவந்தது. ஒரு நகரத்துக்கு ஆரோக்கியத்தின் மதிப்பு பணத்தில் எவ்வளவு என்று 1873 இல் பொதுமேடையில் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். நோயால் இழக்கும் வேலை நாட்களையும் மருத்துவச் செலவையும் கூட்டினால் சாக்கடை செலவே அல்ல, முதலீடு என்றார். தவறான கொள்கை மியூனிக்கில் சரியான வேலையைச் செய்வித்தது. ஹாம்பர்க் அந்தக் கொள்கையிலிருந்து தனக்கு வேண்டியதை, அதாவது எதுவும் செய்யாதிருக்கும் காரணத்தை, மட்டும் எடுத்துக்கொண்டது. 1892 அக்டோபரில், 73 வயதில், கிருமிக் கரைசலைத் தானே குடித்துக் காட்டினார் பெட்டன்கோஃபர், வயிற்றுப்போக்கோடு தப்பினார். அதற்குள் ஹாம்பர்க்கில் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்தாகிவிட்டது.

நகரம் வளர்ந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். 1888 இல் ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில், வரியில்லாத துறைமுகப் பகுதிக்காக ஆற்றுத் தீவுகளில் இருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் வெளியேறினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் செங்கல் கிடங்குகள் எழுந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கிடங்குகள் அவைதான். துறைமுகக் கூலிக்கு விடிகாலையில் போய் நிற்க வேண்டியவர்கள் தொலைவில் குடியேற முடியாது. கேங்கஃபியர்டல் என்ற சந்துக் குடியிருப்புகளில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தோடு இவர்களும் சேர்ந்தார்கள். வெயில் புகாத முடுக்கு, பொதுக் கழிப்பிடம், முற்றத்தில் ஒரு குழாய்.

1892 ஆகஸ்ட் கடும் வெயில். ஆறு வற்றி, நீர் வெதுவெதுப்பாயிற்று. ரஷ்யாவில் காலரா பரவியிருந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ரஷ்யக் குடிபெயர்வோர் துறைமுகக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்த கழிவு ஆற்றில் இறங்கியது. கடலேற்றம் மேல்நோக்கித் தள்ள, அழுக்கு நீரேற்று நிலையத்தின் வாய்க்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் பலர் ஏற்கும் விளக்கம். மாத நடுவில் துறைமுகத் தொழிலாளி ஒருவரைப் பார்த்த அல்டோனா மருத்துவர் ஹூகோ சிமோன் ஆசியக் காலரா என்று எழுதினார், மேலிடம் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 17 இல் மொராவியா என்ற கப்பல் நோயில்லாத் துறைமுகத்திலிருந்து புறப்படுவதாகச் சான்றிதழ் பெற்று நியூயார்க்குக்குக் கிளம்பியது. வழியில் 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஊரில் காலரா இருப்பதை அதிகாரிகள் ஒப்புக்கொள்ள ஆகஸ்ட் 23-24 ஆகிவிட்டது. மாத இறுதியில் ஒரே நாளில் 1,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

பெர்லினிலிருந்து கோக் வந்து சேர்ந்ததும் சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாம் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னாராம். கல்கத்தாவில் 1884 இல் காலராக் கிருமியைக் குளத்து நீரில் கண்டவர் அப்படிச் சொன்னது நமக்குச் சுருக்கென்று தைக்கும். ஐரோப்பியர் நம் ஊர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அந்த வாயில் வெளிப்பட்டுவிட்டது. ஆனால் ஹாம்பர்க்காருக்கும் அது அவமானமாகத்தான் பட்டது. தண்ணீரைக் கொதிக்கவைக்கும்படி எச்சரிக்கும் துண்டறிக்கைகளை வீடு வீடாகக் கொண்டுபோக ஆள் போதாமல், நகர அரசு தான் வாக்களிக்க விடாத சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களின் உதவியை நாட வேண்டிவந்தது. ஏழைத் தெருக்களின் ஒவ்வொரு மாடிப்படியும் அவர்களுக்குத்தான் தெரியும்.

பணக்காரரும் அதே குழாய் நீரைக் குடித்தவர்தான். ஆனாலும் வருமானம் குறையக் குறைய சாவு பெருகியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தர வேலைக்காரர், தனிக் கழிப்பறை, ஊரை விட்டுப் போக இன்னொரு வீடு, இவையெல்லாம் இருந்தவர் தப்பினார். கிருமி ஏழை பணக்காரர் பாராது என்பது பாதி உண்மை.

அல்டோனா அறிவாளிகளின் ஊராக இருந்ததால் தப்பவில்லை. பிரஷ்ய ஆட்சியில் இருந்த சாதாரணத் தொழிலாளர் ஊர் அது. சாக்கடைக்குக் கீழே குடியிருந்ததால், ஆற்று நீர் அழுக்கு என்பது அதற்குக் கண்கூடு. ஹாம்பர்க்கின் நீரேற்று நிலையமோ ஊருக்கு மேல்புறம் இருந்தது. தன் நீர் சுத்தமானது என்ற நம்பிக்கையே ஹாம்பர்க்குக்கு எமனாயிற்று.

இதே கேள்வியை பிரிட்டிஷ் நகரங்களில் வைத்துப் பார்த்தால் வாக்குரிமை வாதம் கொஞ்சம் சிக்கலாகும். சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக்கின் 1842 அறிக்கைக்குப் பின் 1848 இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நகரங்களைப் பெரும்பாலும் கட்டாயப்படுத்தாத சட்டம் அது. வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் அல்லது ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டினால்தான் உள்ளூர் வாரியம். பல ஊர்களில் சிறு கடைக்காரரும் சிறு வீட்டுக்காரரும் கட்சி கட்டிக்கொண்டு வரி உயர்வைத் தோற்கடித்தார்கள். லண்டனில் சாட்விக்கின் ஆட்கள் மலக்குழிகளை மூடச் சொல்லிக் கழிவை நேரே தேம்ஸில் விட, அதே ஆற்றைக் குடித்தவர்கள் 1848-49 காலராவில் மாண்டார்கள். 1858 கோடையில் நாறிய ஆறு நாடாளுமன்றத்தின் சன்னல்களுக்குள் நுழைந்த பிறகே பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் பெருஞ்சாக்கடைகளுக்குப் பணம் பிறந்தது. லண்டன் தண்ணீர் மட்டும் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் தனியார் கம்பெனிகளிடம் இருந்தது.

கிளாஸ்கோ வேறு வழியில் போனது. 34 மைல் தொலைவில் மலைநாட்டு ஏரியான லாக் கேட்ரினிலிருந்து நீர் கொண்டுவந்து 1859 இல் திறந்தது. 1853-54 இல் காலரா அங்கே 3,800க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1866 இல் 53 பேரை. பர்மிங்காமில் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லைன் எரிவாயுக் கம்பெனிகளையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகராட்சிக்கு வாங்கினார். எரிவாயுவில் லாபம் வரட்டும், தண்ணீரில் லாபம் பார்க்கக் கூடாது என்றார். திருகு ஆணித் தொழிலில் பணம் சேர்த்த வணிகர் அவர். ஆக, வணிகர் ஆட்சி என்றாலே கஞ்சத்தனம் என்று எவன்ஸின் நூலை வாசித்துவிட்டு முடிவு கட்ட முடியாது.

பிரிட்டனில் கணக்கை மாற்றியது என்ன? 1860களின் இறுதியில் வாக்குரிமை தொழிலாளர் குடும்பங்கள் வரை இறங்கியதை வரலாற்றாசிரியர் சைமன் ஷ்ரெட்டர் காட்டுகிறார். சிறு வரிகட்டுவோரின் பிடி தளர்ந்தது அப்போதுதான். அதோடு, மைய அரசு குறைந்த வட்டியில் நீண்ட காலத் தவணையில் நகராட்சிகளுக்குக் கடன் கொடுத்தது. பேரப்பிள்ளைகளும் குடிக்கப்போகும் தண்ணீருக்கு இன்றைய வரிகட்டுபவர் மட்டும் பணம் கட்ட வேண்டியதில்லை என்றானதும் எதிர்ப்பு பாதி அடங்கிற்று. வாக்குச் சீட்டுக்கு இணையாக இந்தக் கடன் பத்திரத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். வரலாற்றாசிரியர்கள் முன்னதைப் பற்றி எழுதிய அளவு பின்னதைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை.

நம் சென்னையும் இந்தப் பட்டியலில் உண்டு. 1872 இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த கால்வாயில் நீர் வந்தது. அங்கிருந்து குழாய்களில் நகருக்குப் போனது. அதை வடிகட்டி அனுப்பக் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் 1914 இல் திறக்கப்பட்டன. இடையில் 42 ஆண்டுகள். ஹாம்பர்க் 1848 முதல் 1893 வரை எடுத்துக்கொண்ட 45 ஆண்டுகளைவிட அது மூன்றே ஆண்டுகள் குறைவு. சென்னையில் வாக்குரிமை இன்னும் குறுகலாக இருந்தது. மேலே இருந்ததோ காலனி அரசு.

இதெல்லாம் உயிர்களைக் காத்தது உண்மையா என்றே கேட்டவரும் உண்டு. சாவு குறைந்ததற்கு முதன்மைக் காரணம் மக்களுக்கு நல்ல உணவு கிடைத்ததுதான் என்று தாமஸ் மக்கியூன் 1976 இல் எழுதினார்; நகராட்சி வேலைகளுக்கு இரண்டாம் இடமே தந்தார். 1988 இல் ஷ்ரெட்டர் அதே புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்து, நகராட்சிச் சுகாதாரத்துக்கே முதலிடம் என்றார். இந்த வழக்கில் ஹாம்பர்க் ஒரு முக்கியச் சாட்சி. வடிகட்டி வந்த பிறகு டைபாய்டு சரிந்தது எதிர்பார்த்ததுதான். தண்ணீரோடு தொடர்பில்லாததாக நினைத்த நோய்களிலும் சாவு குறைந்ததை நகர மருத்துவ அதிகாரி ரைங்கே கவனித்தார். அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் மில்ஸ் என்ற பொறியாளரும் அதையே கண்டதால், இருவர் பெயராலும் அந்த விளைவை அழைக்கிறார்கள். 2005 இல் பொருளாதார ஆய்வாளர்கள் கட்லரும் மில்லரும், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கப் பெருநகரங்களில் சாவு குறைந்ததில் ஏறத்தாழ பாதி சுத்தத் தண்ணீரால் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை மறுபடி போட்டவர்கள் தரவுப் பிழைகளைத் திருத்தினால் பங்கு மிகக் குறைவு என்கிறார்கள். விகிதத்தில் வாதம் தீரவில்லை. டைபாய்டையும் காலராவையும் பொறுத்தவரை வாதமே இல்லை.

ஹாம்பர்க்கின் வடிகட்டி நிலையம் அவசர அவசரமாக முடிக்கப்பட்டு 1893 மே 27 இல் இயங்கத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுக்கு மேல் பேசிய வேலையின் கடைசிப் பகுதிக்கு ஒன்பது மாதம் போதுமாயிருந்தது. நகரத்துக்கென்று சுகாதார ஆய்வு நிலையம் அமைந்தது. துறைமுக மருத்துவராகப் பெர்ன்ஹார்ட் நோக்ட் வந்தார்; அவர் தலைமையில் 1900 இல் தொடங்கிய கப்பல் மற்றும் வெப்பமண்டல நோய் ஆய்வு நிலையம் இன்றும் அவர் பெயரோடு இயங்குகிறது. ஹாம்பர்க் குப்பையைத் தொட அக்கம்பக்கத்து ஊர்கள் மறுத்ததால் 1896 இல் ஜெர்மனியின் முதல் குப்பை எரிப்பு நிலையமும் அங்கே எழுந்தது.

தண்ணீரில் காட்டிய வேகம் வீட்டில் இல்லை. அழுக்குக் குழாய் பணக்காரரையும் கொல்லக்கூடும். அழுக்குச் சந்து வாடகை தரும். வீட்டு ஆய்வுக்கான சட்டம் 1898 வரை காத்திருந்தது. சந்துகளை இடிக்கும் பேச்சு சூடுபிடிக்க 1896-97 துறைமுக வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. நோய்க் கிருமியைவிட வேலைநிறுத்தக்காரர்களின் கூடாரமாகவே செனட் அந்தச் சந்துகளை அஞ்சியது. பழைய நகரில் இடித்த இடத்தில் 1908க்குப் பின் மன்கெபெர்க் தெரு அகலமாகப் போடப்பட்டது. இருபுறமும் கடைகளும் அலுவலகங்களும். அங்கே வாழ்ந்தவர்கள் திரும்பி வரக்கூடிய வாடகையில் வீடுகள் கட்டப்படவில்லை.

வாக்குரிமை? குடியுரிமைக் கட்டணம் 1896 இல் எடுக்கப்பட்டது. பதிலாக ஐந்து ஆண்டு தொடர்ந்து குறிப்பிட்ட வருமானம் காட்ட வேண்டும் என்றானது. 1901 இல் சமூக ஜனநாயகக் கட்சியின் முதல் உறுப்பினராக ஓட்டோ ஸ்டோல்டன் அவைக்குள் நுழைந்தார். 1904 இல் கட்சி 13 இடங்கள் பிடித்தது. பயந்துபோன அவை 1906 இல் வருமானப்படி வாக்காளரைப் பிரித்து, ஏழைகளின் வாக்கு எடையைக் குறைத்தது. ஹாம்பர்க்கில் ஆண், பெண் எல்லாருக்கும் சம வாக்கோடு நகர அவைத் தேர்தல் நடந்தது 1919 மார்ச்சில். காலரா வந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.